கோட்டை வாயிலில் ஒரு பெண்: அரசியல் பேசும் கற்பனை உலகுக்கு எந்த ஓவியப் பாணி?

ஒரு கோட்டை வாயிலை எண்ணிக்கொள்வோம். சுமையோடு வரும் ஒரு பெண்ணைக் காவலர் நிறுத்துகிறார். அவள் நீட்டும் அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்க்கிறார். சற்று நேரம் காக்க வைத்துவிட்டு உள்ளே விடுகிறார், அல்லது வந்த வழியே திருப்பி அனுப்புகிறார். எழுத்தில் இது இரண்டு வரிகளில் முடிந்துவிடும். அனிமேஷனிலோ, இதே காட்சியை எந்தப் பாணியில் வரைகிறோம் என்பதைப் பொறுத்து அது ஓர் ஆக்கிரமிப்பின் கதையாகவோ, ஒரே நகரத்துக்குள் நடக்கும் வர்க்கப் பகையாகவோ, யாரென்றே தெரியாத ஓர் அதிகாரத்துக்கு அடங்கிப்போன மனிதர்களின் உருவகமாகவோ மாறிவிடுகிறது. கற்பனை உலகம் ஒன்றைப் படைத்து அதன் வழியே அரசியல் பேச விரும்பும் சிறு குழுக்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பாணியை முதலில் எடுத்துக்கொள்கின்றன. அரசியலைப் பிறகு வசனத்தில் ஏற்றப் பார்க்கின்றன. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதிகாரம் என்பது படத்தின் எந்தப் பகுதியில், அதாவது முகத்திலா, பின்னணியிலா, கோட்டிலா, அசைவிலா, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், பாணியைப் பற்றிய விவாதத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன். விரிவான வண்ணப் பின்னணியோடு கையால் வரைவது ஒன்று. கோட்டுக்கும் தட்டையான வடிவத்துக்கும் முதன்மை கொடுப்பது இன்னொன்று. முப்பரிமாண உருவங்களின் மேல் தூரிகைப் பூச்சை ஏற்றுவது மூன்றாவது. நிழலுரு, வெட்டிய காகிதம், பொம்மை ஆகியவற்றை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் படமெடுப்பது நான்காவது. தொலைக்காட்சித் தொடர்களில் பழகிப்போன எளிய கோட்டோவிய முறையும் உண்டு. ஆனால் அதன் வலிமை ஓவியத்தைவிடக் கதையின் நீளத்தில் இருப்பதால் அதை இடையில் தனியாகப் பார்க்கலாம்.

முதல் வழிக்கு, ஜப்பானியரான ஹயாவோ மியாசாகியின் இயக்கத்தில் 1997-இல் வெளிவந்த 'பிரின்சஸ் மோனோனோகே' இன்றும் நல்ல அளவுகோலாக இருக்கிறது. காட்டுக்கும் இரும்பு உருக்கும் ஊருக்கும் இடையிலான போரே அதன் கதை. கேட்ட மாத்திரத்தில் யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துவிடலாம் போலிருக்கும். படம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அந்த ஊரை ஆளும் எபோஷி காட்டை அழிப்பவள், காட்டின் தெய்வத்தைச் சுடத் துணிபவள். அதே எபோஷிதான் விலைமாதர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டுவந்து வேலையும் மரியாதையும் கொடுத்தவள், எல்லோராலும் கைவிடப்பட்ட தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் கழுவியவள். பெண்கள் உலைக்குத் துருத்தி மிதிக்கிறார்கள். நோயாளிகள் துப்பாக்கி செய்கிறார்கள். இவற்றை வசனமாக மட்டும் கேட்டிருந்தால் ஒரு சமாதானமாகத்தான் தோன்றியிருக்கும். யாகுஷிமா தீவின் பழங்காட்டைப் பார்த்துவந்து ஒவ்வொரு பாசியையும் எந்த அக்கறையோடு வரைந்தார்களோ, அதே அக்கறையோடு உலையின் சூட்டையும், மிதிக்கும் கால்களையும், மரவேலியின் சீவப்பட்ட முனைகளையும் வரைந்திருப்பதுதான் அந்தப் படத்தின் அரசியல். ஊரைக் கரியும் புகையுமாக மட்டும் தீட்டியிருந்தால் ஓவியரே தீர்ப்பு எழுதியிருப்பார். பார்வையாளருக்கு வேலை இருந்திருக்காது.

நம் வாயிற்காட்சியை இந்தப் பாணியில் வரைந்தால், காவலரின் உடுப்பில் ஒரு தையல் தெரியும், அந்தப் பெண்ணின் விரல் நுனியில் சாயக்கறை தெரியும், வாயிலுக்குப் பின்னால் ஏதோ ஒரு தொழிற்கூடத்தின் புகை தெரியும். இருவருக்கும் ஆளுக்கொரு வாழ்க்கை இருப்பதைச் சொல்லாமலே சொல்லிவிடலாம். பல தரப்புகள் மோதிக்கொள்ளும், ஒவ்வொரு தரப்புக்கும் ஓரளவு நியாயம் இருக்கும் அரசியலுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

அதற்கான விலையும் அப்படிப்பட்டதே. அந்த ஒரு படத்துக்கு ஓவியம் தீட்டிய ஏறத்தாழ 1,44,000 செல்லுலாய்டு தாள்கள் தேவைப்பட்டன. அவற்றில் 80,000 அளவுக்கு மியாசாகியே பார்த்துத் திருத்தினார் என்பது பலமுறை பதிவான செய்தி. கலை இயக்குநர்கள் மட்டும் ஐந்து பேர். இப்படி ஒரு நிறுவனம் பின்னால் இல்லாத குழு இந்தப் பாணியைத் தொட்டால், முதல் மூன்று நிமிடங்களுக்குக் காடு அடர்ந்திருக்கும். அதன்பின் மரங்கள் குறையத் தொடங்கும். பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. நல்லவர், கெட்டவர் என்று இரண்டே கட்சி உள்ள கதைக்கு இந்த விரிவான ஓவியத்தைப் போர்த்தினால், அந்த விரிவு எதையும் சொல்லாமல் வெறும் அழகாக நின்றுவிடும். இலையின் நரம்பு வரை வரையப்பட்ட ஓர் உலகத்தில், வில்லன் மட்டும் காரணமே இல்லாமல் கொடியவனாக இருப்பது கண்ணை உறுத்தும்.

கோட்டுக்கு முதன்மை கொடுக்கும் இரண்டாவது வழியில்தான் ஒரு சிறு குழு கற்றுக்கொள்ள வேண்டியவை அதிகம் என்று நினைக்கிறேன். ஆகவே சற்று நின்று பார்க்கலாம். அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'உல்ஃப்வாக்கர்ஸ்' படத்தை டாம் மூரும் ராஸ் ஸ்டூவர்ட்டும் இயக்கினார்கள். கதை 1650-இல் கில்கென்னி நகரத்தில் நடக்கிறது. இங்கிலாந்துத் தளபதி ஆலிவர் குரோம்வெல்லின் படைகள் அயர்லாந்தை அடக்கிக்கொண்டிருந்த காலம் அது. நகரத்தை ஆளும் 'பாதுகாவலர் பிரபு' காட்டை வெட்டி நிலமாக்கவும், ஓநாய்களை ஒழிக்கவும் ஆணையிடுகிறார். நகரக் காட்சிகள் அந்தக் காலத்து மரச்செதுக்கு அச்சுப் படங்களைப் போல இருக்கின்றன: தடித்த கரிய விளிம்புகள், கூரிய கோணங்கள், தொலைவு என்ற உணர்வே இல்லாமல் வரைபடத்தில் ஒட்டிவைத்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள். காட்டுக்குள் நுழைந்ததும் கோடு தளர்ந்துவிடுகிறது. பென்சிலின் முதல் கீறல்கள், உருவத்தைத் தேடிச் சுற்றிவந்த வட்டங்கள்கூட அழிக்கப்படாமல் தெரிகின்றன. ஓநாயின் கண்வழியே உலகத்தைக் காட்டும் பகுதிகளில் கரிக்கோலின் துகள் தெரிகிறது.

இங்கே சட்டம் என்பது கோட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரு குழந்தைகூட, எந்த வசனமும் இல்லாமல், நகரம் ஏன் மூச்சை அடைக்கிறது என்பதைக் கண்ணால் உணர்ந்துவிடும். கதையின் நாயகி ராபினின் உருவமும் தொடக்கத்தில் நகரத்துக்குரிய கட்டான கோட்டில் இருந்து, போகப்போகக் காட்டின் தளர்ந்த கோட்டுக்கு நகர்கிறது. அவள் மனமாற்றத்தை விளக்கிச் சொல்ல இன்னொரு பாத்திரம் தேவைப்படவில்லை.

வாயிற்காட்சி இந்தப் பாணியில் எப்படி இருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். காவலரும் மதிலும் ஒரே நேர்கோட்டால் ஆனவர்கள். மதிலிலிருந்து காவலரைப் பிரித்தெடுக்கவே சற்று நேரம் பிடிக்கும். அந்தப் பெண் மட்டும் வேறு கோடு. அவள் வாயிலைக் கடக்கும்போது அவள் சேலை மடிப்பின் வளைவு நேராகிவிட்டால், உள்ளே போனவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது புரிந்துவிடும். செலவும் குறைவு. நிழல், ஒளி, தோலின் நுண்மை எதுவும் தேவையில்லை. தேர்ந்த இரண்டு வகைக் கோடுகளும், அவற்றைக் கலக்காமல் காக்கும் ஒழுங்கும் போதும்.

ஆனால் இந்த வழிக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இரண்டு கோடுகள் என்றால் இரண்டு இயல்புகள் என்று பொருள்படும். ஆள்பவர் நேர்கோடு, ஆளப்படுபவர் வளைகோடு; ஆள்பவர் ஒழுங்கு, ஆளப்படுபவர் இயற்கை. அடக்கப்பட்ட மக்களைக் காட்டோடும் விலங்கோடும் மட்டுமே இணைத்துப் பார்ப்பது ஆக்கிரமிப்பாளர்களின் பழைய பார்வை. அதைப் பாராட்டாக மாற்றிச் சொன்னாலும் பார்வை அதேதான். ஆளப்பட்ட மக்களுக்கும் நகரங்கள் இருந்தன, கணக்கு இருந்தது, சட்டம் இருந்தது, தங்களுக்குள் சண்டையும் இருந்தது. 'உல்ஃப்வாக்கர்ஸ்' இந்தக் கண்ணியிலிருந்து முழுவதும் தப்பியது என்று சொல்ல மாட்டேன். ராபினும் அவள் தந்தையும் அந்த நேர்கோட்டு நகரத்தின் ஊழியர்களாகவே இருப்பதும், கட்டளையை மீறியவளை அடுக்களை வேலைக்கு அனுப்புவதும் படத்தை ஓரளவு காப்பாற்றுகின்றன. நேர்கோட்டுக்குள்ளும் நசுங்குபவர்கள் இருப்பதை அவை காட்டுகின்றன. இந்தப் பாணியை எடுப்பவர்கள் குறைந்தது ஒரு பாத்திரத்தையாவது தவறான கோட்டில் பிறக்க வைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

இப்போது தொடர்களின் பக்கம். 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயங்களாக ஒளிபரப்பான 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரில் எந்த ஒரு ஃபிரேமையும் நிறுத்திப் பார்த்தால் மலைக்க வைக்கும் ஓவியம் என்று சொல்ல முடியாது. தெளிந்த கோடு, அளவான பின்னணி, அவ்வளவே. அதன் அரசியல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று அசைவு. நீரை ஆள்வோருக்குத் தாய்ச்சி, மண்ணை ஆள்வோருக்கு ஹங்கா, நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா என்று நான்கு மக்களுக்கும் நான்கு தற்காப்புக் கலைகளை அடிப்படையாக வைத்ததால், ஒருவர் எந்த நாட்டவர் என்பது உடையைப் பார்க்கும் முன்பே அவர் காலூன்றும் விதத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று நேரம். நூறாண்டுப் போரை நடத்தும் நெருப்பு நாட்டின் பள்ளிக்கூடத்துக்குள் நாயகன் ஆங் மாறுவேடத்தில் நுழையும் அத்தியாயத்தில், காற்று நாட்டுப் படையை எந்த ஆண்டில் வென்றோம் என்று ஆசிரியை கேட்கிறார். காற்று நாடோடிகளுக்குப் படையே இருந்ததில்லை என்பது அந்த இனத்தில் எஞ்சிய ஒரே சிறுவனான ஆங்குக்குத்தான் தெரியும். இனப்படுகொலை எப்படிப் பாடநூலில் வெற்றியாக மாறுகிறது என்பதைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான காட்சி குறைவு. அதைச் சொல்ல அவர்களுக்கு முன்னால் நாற்பது அத்தியாயங்கள் தேவைப்பட்டன என்பதையும் மறக்கக் கூடாது. அதே தொடரில் வரும் பா சிங் சே நகரத்தின் வளைய மதில்களும், போர் நடப்பதையே பேசக் கூடாது என்று தடுக்கும் அதன் இரகசியக் காவலர்களும் அப்படித்தான். கதைக்கு நேரம் இருந்தது, ஆகவே நகரத்துக்கு நிர்வாகம் இருந்தது.

அதன் தொடர்ச்சியான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' 2012 முதல் 2014 வரை நான்கு பகுதிகளாக வந்தது. பெரும்பாலும் பகுதிக்கு ஓர் அரசியல் கொள்கை: சமத்துவம் கேட்கும் இயக்கம், அரசே வேண்டாம் என்போர், நாட்டை ஒழுங்குபடுத்த வந்த இராணுவத் தலைமை. எண்ணம் துணிச்சலானது. ஆனால் ஒவ்வொரு கொள்கையையும் பன்னிரண்டு, பதினான்கு அத்தியாயங்களுக்குள் முடிக்க வேண்டியிருந்ததால், கொள்கையின் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பே அதை ஏந்திவந்தவரின் கொடுமையோ பொய்யோ அம்பலமாகிக் கதை முடிந்துவிடுகிறது. நீர், மண், நெருப்பு, காற்றை ஆளும் ஆற்றல் இல்லாதவர்கள் இரண்டாந்தரக் குடிமக்களாக வாழ்ந்தார்களா இல்லையா என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. குறும்படம் எடுக்கும் குழு இந்தத் தொடர் பாணியைப் பின்பற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். நேரம் இல்லாதபோது இந்தப் பாணியிடம் தருவதற்கு வேறொன்றும் இல்லை.

மூன்றாவது வழிக்கு 'ஆர்கேன்' தவிர்க்க முடியாத எடுத்துக்காட்டு. பாரிஸில் உள்ள ஃபோர்டிஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தத் தொடரின் முதல் பருவம் 2021-இலும் இரண்டாவது 2024-இலும் வந்தன. உருவங்கள் முப்பரிமாணம், ஆனால் தோலின் மேல் தூரிகைத் தடம் தெரியும்படி கையால் தீட்டிய பூச்சு; பின்னணி ஓவியம், புகை, தீ, வெடிப்பு ஆகியவை பெரும்பாலும் கையால் வரைந்தவை. மேலே செல்வம் கொழிக்கும் பில்டோவர், கீழே நச்சுக்காற்றில் இருக்கும் ஸான், நடுவே ஒரு பாலம். வர்க்கம் என்பது இங்கே உயரமாகவும் ஒளியாகவும் மாறியிருக்கிறது: மேலே பொன்னிற வெயில், கீழே பச்சையும் ஊதாவுமான விளக்கு வெளிச்சம். ஆனால் இந்தப் பாணி மற்றவற்றை மிஞ்சும் இடம் நகரம் அன்று, முகம். அவமானத்தை விழுங்கும்போது தாடையில் ஓடும் ஓர் இழுப்பை, கோபம் அழுகையாக மாறும் அரை நொடியை இந்த முறையில் காட்ட முடிகிறது. அரசியல் ஒருவரின் உடம்புக்குள் எப்படி இறங்குகிறது என்பதே உங்கள் கதை என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். வாயிற்காட்சியில் மதில் எதுவும் தேவைப்படாது. சீட்டைத் திருப்பி வாங்கும்போது அந்தப் பெண் தன் முகத்தை எப்படி ஒன்றுமில்லாததுபோல் வைத்துக்கொள்கிறாள் என்பது மட்டும் போதும்.

முகத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைப்பதில் ஒரு சரிவும் இருக்கிறது. அமைப்பைப் பற்றிய கதை மெல்ல மெல்லத் தனிமனிதர்களின் காயத்தைப் பற்றிய கதையாகிவிடும். இரண்டாம் பருவத்தில் எனக்கு அதுவே நேர்ந்ததாகத் தோன்றியது. மேல்நகரம் கீழ்நகரத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கேள்வி, வெளியிலிருந்து வந்த பகைக்கும் மாயத்துக்கும் முன்னால் சிறுத்துப்போனது. இரண்டு நகரத்தாரும் தோளோடு தோள் நின்று போரிட்டதும் கேள்வியே மறைந்தது. செலவைப் பற்றிச் சொல்வதென்றால், இரண்டு பருவங்களுக்கும் விளம்பரம் உட்பட ஏறத்தாழ 25 கோடி டாலர் செலவானதாகச் செய்தி வெளிவந்தது. மொத்தம் 18 அத்தியாயங்கள்.

உயரத்தால் வர்க்கத்தைக் காட்டுவதற்கு முப்பரிமாணம் கட்டாயம் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பால் கிரிமோவும் கவிஞர் ஜாக் பிரெவேரும் சேர்ந்து 1940-களின் இறுதியில் தொடங்கி, தயாரிப்பாளரோடு ஏற்பட்ட பிணக்கால் 1950-களில் அரைகுறையாக வெளியாகி, உரிமையை மீட்டபின் 1980-இல் முழுமையடைந்த பிரெஞ்சுப் படம் ஒன்று உண்டு. 'அரசனும் பறவையும்' என்பது அதன் பெயரின் பொருள். வானளாவிய அரண்மனையின் உச்சியில் அரசன், நிலத்தடியில் சூரியனையே காணாத மக்கள், அரசனுக்குப் பிடிக்காதவர்களின் காலடியில் திறந்துகொள்ளும் பொறிக்கதவுகள். கையால் வரைந்த எளிய உருவங்களே. கட்டடத்தின் நெடுக்குவெட்டைக் கதையின் வரைபடமாக ஆக்கிய அந்த ஒரு முடிவு, பின்னால் வந்த எத்தனையோ விலையுயர்ந்த நகரங்களுக்கு முன்னோடி.

நான்காவது வழியை நிழலுருவிலிருந்து தொடங்கலாம். 1926-இல் லோட்டே ரைனிகர் முடித்த 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களிலேயே பழமையானது; கரிய அட்டையை வெட்டி, மூட்டு வைத்து, அடியிலிருந்து வரும் ஒளியில் நகர்த்தி எடுத்தது. நிழலுருவில் முகம் இல்லை. ஆகவே வாயிற்காவலரும் அந்தப் பெண்ணும் ஒரே கறுப்பு. உருவின் அளவு, முதுகின் வளைவு, கையின் திசை ஆகியவை மட்டுமே யார் யாரை நிறுத்துகிறார் என்பதைச் சொல்லும். பழங்கதையின் பொதுமையை அரசியலுக்குக் கொண்டுவர இது நல்ல வழி. குறிப்பான ஒரு காலத்தையும் ஆட்சியையும் பேச இது போதாது.

வெட்டிய காகித உருவங்களால் செய்யப்பட்ட 'ஃபென்டாஸ்டிக் பிளானட்' 1973-இல் வந்தது. ரெனே லாலூ இயக்கினார். ஓவியங்கள் ரோலான் தோபோருடையவை. பணி பிராக் நகரத்து ஸ்டூடியோவில் நடந்தது. நீலத்தோலும் செந்நிறக் கண்களும் கொண்ட பேருருவ திராகுகள் மனிதர்களை வீட்டு விலங்காக வளர்க்கிறார்கள். பெருகிவிட்டால் பூச்சியைப்போல் நச்சுப்புகை இட்டு ஒழிக்கிறார்கள். காகித உருவத்தின் முகம் அசையாது என்பது தொழில்நுட்பக் குறைபாடு. அந்தக் குறையே திராகுகளின் அரசியலாகிவிட்டது. அவர்களுக்கு மனிதர்மேல் வெறுப்பு இல்லை. ஒழிப்பது ஒரு நிர்வாக வேலை. துடிப்போடு அசையும் உருவங்களால் இந்தக் குளிர்ச்சியைக் காட்டியிருக்க முடியாது.

பொம்மைக்கு வந்தால், கட்டுப்பாடு என்ற கருப்பொருள் மூலப்பொருளிலேயே பொதிந்திருக்கிறது. ஏனெனில் பொம்மையை நகர்த்த யாரோ ஒருவர் இருந்தே ஆக வேண்டும். செக் கலைஞர் இர்ஷி த்ரின்கா 1965-இல் எடுத்த 'கை' என்ற குறும்படத்தில், தன் செடிக்குத் தொட்டி வனைந்துகொண்டு அமைதியாக வாழும் ஒரு சிறு கலைஞனின் அறைக்குள் பேருருவான மனிதக் கை நுழைந்து, தொட்டி வேண்டாம், எனக்குச் சிலை செய் என்கிறது. கை உண்மையானது, கலைஞன் மரப்பொம்மை. பொருளின் வேறுபாடே அதிகாரத்தின் வேறுபாடு. 18 நிமிடம் ஓடும், வசனமே இல்லாத இந்தப் படம் அவர் மறைந்தபின் அவர் நாட்டில் தடைசெய்யப்பட்டது. தணிக்கையாளர்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். கியர்மோ தெல் தோரோ 2022-இல் பினோக்கியோவை முசோலினியின் இத்தாலிக்குள் கொண்டுவந்தபோது அதே உத்தியைத் திருப்பிப் போட்டார். மனிதர்கள் எல்லோரும் நூலில் கட்டியதுபோல் வணக்கம் வைக்கும் ஊரில், மரப்பொம்மை மட்டுமே கீழ்ப்படிய மறுக்கிறது.

பாணியோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய சில சிறியவை உண்டு. நாட்டுக்கு ஒரு நிறம் கொடுப்பது வசதியானது. ஆனால் ஒரு நிறத்துக்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கருத்துடையவர்கள் என்ற எண்ணத்தை அது விதைக்கும். பகை இனத்தைக் கறுத்த தோலும் கோணல் பல்லுமாக வரைவது இன்னும் மோசம். வசனம் எவ்வளவு சமத்துவம் பேசினாலும் பார்வையாளரின் நினைவில் நிற்பது அந்தப் பல்தான். அசைவின் வேகமும் பொருள் தரும். 2018-இல் 'தி டிராகன் பிரின்ஸ்' முதல் பருவத்தில் முப்பரிமாண உருவங்களைக் குறைந்த ஃபிரேம்களில் நகர்த்தியபோது அது ஓவியத்தன்மையாகத் தோன்றாமல் தடங்கலாகவே பலருக்குத் தோன்றியது. அதே ஆண்டில் வந்த 'ஸ்பைடர்-வெர்ஸ்' படத்திலோ, தேர்ச்சியில்லாத சிறுவன் நொடிக்கு 12 நிலைகளிலும் தேர்ந்தவர் 24 நிலைகளிலும் அசைவது அவர்களிடையேயான படிநிலையைச் சொல்லிவிட்டது. உங்கள் உலகத்தில் ஆள்பவர் வழுவழுப்பாகவும் ஆளப்படுபவர் விட்டுவிட்டும் அசையலாம். காரணம் இருக்க வேண்டும், அவ்வளவே.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் பாணியின் பகுதி. ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' 1954-இல் அனிமேஷனாக வந்தபோது பின்னணியில் அமெரிக்க உளவுத்துறையின் நிதி இருந்தது. பன்றிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும் நாவலின் முடிவு, விலங்குகள் பன்றிகளுக்கு எதிராகக் கிளம்பும் முடிவாக மாறியது. இரண்டு ஆதிக்கமும் ஒன்றே என்பது நாவல். ஓர் ஆதிக்கத்தை வீழ்த்துங்கள் என்பது படம்.

சரி, எதை எடுப்பது? பத்து நிமிடக் குறும்படம், நான்கைந்து பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 24 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால், ஓயாமல் அசையும் ஓர் உருவத்துக்கு மட்டும் 7,200 ஓவியங்கள். ஒருவர் நாளுக்கு 20 முடித்தாலும் 360 நாள்கள். மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 4,800 ஓவியங்களாகக் குறையும். இந்தக் கணக்கே விரிவான கையோவியத்தை விலக்கிவிடுகிறது. தூரிகைப் பூச்சு முப்பரிமாணத்தை அதைவிட விரைவாக விலக்கிவிடுகிறது. மீதம் இருப்பவை கோடும் பொம்மையும். ஒரே அதிகாரம், அதற்கு அடங்கும் அல்லது அடங்காத ஒரே மனிதர் என்பது கதையானால் பொம்மையையோ வெட்டுக் காகிதத்தையோ தயங்காமல் எடுக்கலாம். அசையாத முகம் உங்களுக்கு உதவும். இரண்டு வாழ்க்கை முறைகள் ஒரே நிலத்துக்காக மோதுவது கதையானால், இருவகைக் கோடே என் தேர்வு. பெரும்பாலான கற்பனை உலகக் கதைகள் இந்த இரண்டாவது வகையில் அடங்குவதால், பொதுவாகக் கேட்பவர்களுக்கும் நான் அதையே சொல்வேன், மேலே சொன்ன கண்ணியை எச்சரித்துவிட்டு. தவறான அரசனை இறக்கிச் சரியான வாரிசை ஏற்றுவது மட்டுமே கதை என்றால், எந்தப் பாணியும் அதற்கு அரசியலைக் கொடுக்காது.

உறுதி செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். இறுதியாக நிற்கும் இரண்டு பாணிகளிலும் அந்த வாயிற்காட்சியை மட்டும் இருபது நொடிக்கு, ஒலியும் வசனமும் இல்லாமல் செய்து, கதை தெரியாத சிலருக்குக் காட்டுங்கள். அழகாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். அந்த மதிலைக் கட்டியவர் யார், அந்தப் பெண் நாளையும் வருவாளா, காவலர் மாலையில் எங்கே உறங்கப் போவார் என்று மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். எந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் தயங்காமல் பதில் சொல்கிறார்களோ, அதற்கே ஸ்டோரிபோர்டு (காட்சி வரிசை ஓவியங்கள்) வரையத் தொடங்கலாம்.